கன்ட்ரோல் சீரம் பஸ்ஸில் வருவதில்லை

லேபில் க்வாலிட்டி பார்க்கிற வேலை என்று சொன்னால் தருமபுரியில் பாதிப் பேர் அடுத்துக் கேட்பது "என்ன மிஷின் வச்சிருக்கீங்க?" மீதிப் பேர் கேட்பது "என்ஏபிஎல் இருக்கா?", அதாவது லேபுக்கான தேசியத் தர அங்கீகாரம். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் நான் காத்திருக்கிற கேள்வி வேறொன்று, அதைக் கேட்டவர்கள் அபூர்வம். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு மிஷினுக்குள் போனது?

நம்ம பக்கத்து நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். மெயின் லேப் டவுனில் இருக்கும். கலெக்ஷன் சென்டர் பென்னாகரத்தில் ஒன்று, பாலக்கோட்டில் ஒன்று, அரூரில் ஒன்று, பாப்பிரெட்டிப்பட்டியில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். கிருஷ்ணகிரி பக்கம் என்றால் ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, தளி. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், ரத்தம் எடுத்து டியூபில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, ஒரு பையன் பைக்கில் எடுத்து வருவான், அவன் லீவு என்றால் தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பஸ் ஸ்டாண்டில் போய் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். விசேஷமான டெஸ்ட் என்றால் அங்கிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ இன்னொரு பயணம். இதில் எதுவும் திருட்டுத்தனம் இல்லை, இப்படித்தான் நடக்க முடியும், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரிய லேப் திறக்க முடியாது. பிரச்சினை என்னவென்றால், ரத்தம் டியூபுக்குள் போன பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. செல்கள் சாப்பிடுகின்றன, கழிக்கின்றன, உடைகின்றன.

சுகரை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லையும் சீரத்தையும் (செல் போக மிச்சமிருக்கிற தெளிந்த நீர்) பிரிக்காமல் வெறுமனே வைத்திருந்தால் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும், செல்கள் அதைத் தின்றுவிடும். காலை ஏழு மணிக்கு ஒருவருக்கு 130 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்கிற வரையறைப்படி (இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம்) அவரை டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டியவர். அந்த டியூப் பத்து மணிக்கு மிஷினில் ஏறினால் 108, 110 என்று வரும். "லேசா பார்டர்ல இருக்கு, இனிப்பைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மிஷின் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அந்த டியூபுக்குள் 110தான் இருந்தது.

இதற்காகத்தான் சாம்பல் மூடி டியூப். அதில் ஃப்ளோரைடு இருக்கும், செல்கள் சர்க்கரையைச் சாப்பிடுவதை அது தடுக்கும். தருமபுரிக்காரனுக்கு ஃப்ளோரைடு என்றாலே பல் கறையும் முட்டி வலியும்தான் ஞாபகம் வரும், போர் தண்ணீரில் இருந்த அந்தத் தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வர வேண்டியிருந்தது. அதே சாமான் டியூபுக்குள் நமக்கு வேலைக்காரனாக இருக்கிறது. ஆனால் அதுவும் உடனே வேலையை ஆரம்பிக்காது, முதல் ஓரிரு மணி நேரம் சுகர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்குப் பிறகுதான் நிற்கும். இதைக் கலெக்ஷன் சென்டர்களில் சொன்னால் "சாம்பல் மூடி போட்டாச்சு சார், சாயந்திரம் அனுப்பினாக்கூடப் போதும்" என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. டியூபை ரத்தம் நிரம்பியதும் மெதுவாக எட்டுப் பத்துத் தடவை தலைகீழாகத் திருப்பாவிட்டால் மருந்து கலக்கவே கலக்காது, அப்போது சாம்பல் மூடியும் சிவப்பு மூடியும் ஒன்றுதான்.

சரி, ஐஸ் பேக் வைத்து அனுப்பினால் ஆயிற்று என்று தோன்றும். சுகருக்கு அது நல்லதுதான். பொட்டாசியத்துக்கு அது விஷம். செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அதை உள்ளேயே வைத்திருப்பதற்கு செல் சுவரில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, குளிரில் அந்தப் பம்ப் மந்தமாகிவிடும், உள்ளே இருந்தது மெல்ல மெல்ல வெளியே கசியும். ஆக, ஒரே பெட்டியில் ஒரே ஐஸ் பேக் மேல் வரும் இரண்டு டியூபில் ஒன்று காப்பாற்றப்படுகிறது, இன்னொன்று கெட்டுப்போகிறது. ரத்தம் சிவப்பாக உடைந்திருந்தால், அதாவது ஹீமோலிசிஸ், கண்ணுக்கே தெரியும், சீரம் ரோஸ் கலரில் இருக்கும். ஐஸால் கசிந்த பொட்டாசியத்துக்கு நிறமே கிடையாது. சீரம் தங்கம்போல் தெளிவாக இருக்கும், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.9 என்று ஏறியிருக்கும். கிட்னி பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு பெரியவருக்கு அந்த 5.9 வந்தால் என்ன ஆகும்? ஈசிஜி, சேலத்துக்கு ரெஃபர், ஆம்புலன்ஸ், வீட்டில் அழுகை.

இதைவிட வேடிக்கையான ஒன்று ஊதா மூடி விவகாரம். ரத்த அணுக்கள் எண்ணுவதற்கான ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஈடிடிஏ இருக்கிறது, அதுவும் பொட்டாசியம் உப்பாக. சிலருக்கு நரம்பு கிடைக்காது, ஊசியில் வந்தது கொஞ்சம், ஊதா டியூபில் நிறையப் போய்விட்டது, சிவப்பு டியூபில் பற்றவில்லை. பரவாயில்லை என்று ஊதாவில் இருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிடுவார்கள். ஒரு முறை அப்படி ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 9 தாண்டி வந்தது, கால்சியம் 4க்கும் கீழே. அந்த அளவு உண்மையாக இருந்தால் மனிதர் பிழைப்பதே கஷ்டம். சென்டருக்குப் போன் போட்டு, "பேஷண்ட் எப்படி இருக்காரு பாப்பா?" என்று கேட்டேன். "வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்காரு சார், ஏன்?" என்றாள். பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே, இரண்டும் இப்படி எல்லை மீறிச் சேர்ந்து வந்தால் நோயாளிக்கு முன்னால் ஊதா மூடியைத் தேடுங்கள். இதனால்தான் டியூப் நிரப்புவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: நீலம் முதலில், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, அதற்கப்புறம்தான் ஊதா, கடைசியில் சாம்பல். அந்த வரிசை அழகுக்காக இல்லை.

இப்போது கன்ட்ரோலுக்கு வருகிறேன், தலைப்பில் இருக்கிற சமாச்சாரம்.

ஒவ்வொரு நாளும் காலையில் நோயாளி சாம்பிள் எதையும் ஏற்றுவதற்கு முன்னால், அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சீரத்தை மிஷினில் ஓட்டுவோம். உறைய வைத்து உலர்த்திய பொடியாக வரும், அளந்து 5 மில்லி சுத்தமான தண்ணீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, கரைகிற வரை காத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு லெவல், ஒன்று நார்மல், ஒன்று அதிகம். வருகிற எண்ணை ஒரு படத்தில் புள்ளியாக வைப்போம், நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் ஒரு எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், எண்கள் சராசரியில் இருந்து வழக்கமாகச் சிதறுகிற அளவு), இரண்டு எஸ்டி, மூன்று எஸ்டி கோடுகள். தொழிற்சாலையில் உருப்படிகள் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பதற்கு அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனிக்காரரான ஷூவர்ட் 1920களில் கண்டுபிடித்த படம் அது, 1950இல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் அதை லேபுக்குள் கொண்டுவந்தார்கள், 1981இல் வெஸ்ட்கார்ட் எந்தப் புள்ளி எப்படி விழுந்தால் ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும் என்று விதிகளாக்கினார். நம் ஊரில் பல டெக்னீஷியன்களுக்கு வெஸ்ட்கார்ட் என்பது ஒரு மனிதர் என்றே தெரியாது, ஏதோ சாஃப்ட்வேர் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு புள்ளி இரண்டு எஸ்டியைத் தாண்டினால் உடனே அலற வேண்டாம். மிஷின் நன்றாக இருந்தாலே இருபதில் ஒரு புள்ளி அப்படித் தாண்டும், அது இயற்கை. இருபது டெஸ்டுக்கு இரண்டு லெவல் என்று நாற்பது புள்ளி வைக்கிற லேபில் தினமும் காலையில் ஒன்றிரண்டு வெளியே நிற்பதுதான் சாதாரணம். மூன்று எஸ்டி தாண்டினால் நிறுத்து. அடுத்தடுத்து இரண்டு புள்ளி ஒரே பக்கம் இரண்டு எஸ்டியைத் தாண்டினால் நிறுத்து. பத்து புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால், ஒன்றும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், ஏதோ நகர்கிறது என்று பொருள்: லேம்ப் வயசாகிவிட்டதா, ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான மருந்து) லாட் மாறியதா, கலிப்ரேஷன் (மிஷினின் அளவைச் சரிசெய்வது) போட்டு எவ்வளவு நாளாயிற்று, தண்ணீர் எப்படி இருக்கிறது. (தண்ணீர் நம்ம மாவட்டத்தில் பெரிய விஷயம். உப்புத் தண்ணீரை வடிகட்டுகிற பிளான்ட்டில் ஃபில்டர் மாற்றாமல் இழுத்தடித்தால் முதலில் கால்சியத்தில்தான் தெரியும். ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் வாங்கித் தினமும் எழுதி வைத்தால் தீர்ந்தது, அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.)

ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? கன்ட்ரோல் வெளியே போனால் "ரிப்பீட் போடு" என்பார்கள். திரும்பவும் வெளியே போனால் இன்னொரு ரிப்பீட். மூன்றாவதில் உள்ளே வந்துவிட்டால் அதை மட்டும் எழுதி முதல் இரண்டையும் மறந்துவிடுவார்கள். காரணம் தேடாமல் ரிப்பீட் போட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒரு தடவை உள்ளே வரத்தான் செய்யும், சுண்டிய காசில் தலை விழுகிற வரை சுண்டுகிற மாதிரி.

இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் கன்ட்ரோல் படங்கள் அவ்வளவு அழகாக இருக்கும், முப்பது நாளும் எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டியே போகும். புதிதாக வந்த பிள்ளைகளிடம் "இப்படி இருக்கணும்" என்று காட்டுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பயம். மூன்று புள்ளியில் ஒன்றாவது ஒரு எஸ்டியைத் தாண்டி விழ வேண்டும், விழவில்லை என்றால் இரண்டில் ஒன்று: கம்பெனி அட்டையில் அச்சடித்த அகலமான ரேஞ்சை அப்படியே போட்டிருக்கிறார்கள், தங்கள் மிஷினின் சொந்த எஸ்டியைக் கணக்கிடவில்லை, இல்லையென்றால் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். அங்கே ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் சார்ட்டில் லேப் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் 4 டிகிரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது, ஃப்ரிட்ஜ் ரொம்ப ஒழுக்கமானது போல.

சரி, கன்ட்ரோலை நேர்மையாகவே ஓட்டுகிறோம், எல்லாம் உள்ளே இருக்கிறது. இப்போது ரிப்போர்ட் சரியா? இல்லை, இங்கேதான் நான் எல்லோரிடமும் சண்டை போடுகிறேன். கன்ட்ரோல் சீரம் நம் ஃப்ரிட்ஜில் இருந்து மிஷினுக்கு நாலு அடி நடந்து வருகிறது. அது பென்னாகரத்தில் இருந்து பஸ்ஸில் வரவில்லை. அதன் கையில் யாரும் டார்னிகெட்டை இரண்டு நிமிஷம் இறுக்கிக் கட்டவில்லை, "கையை மூடித் திற, மூடித் திற" என்று சொல்லவில்லை (அப்படிச் செய்தால் பொட்டாசியம் ஏறும், தயவு செய்து சொல்லாதீர்கள்). அதன் பேரை யாரும் இன்னொருவர் டியூபில் ஒட்டவில்லை. ஆகவே கன்ட்ரோல் பாஸ் ஆனால் மிஷின் பாஸ் என்று மட்டும்தான் பொருள். 1997இல் இத்தாலியில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசர லேபில் நடந்த தவறுகளை பிளெபானி, கராரோ என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், சுமார் 68 சதவீதம், சாம்பிள் மிஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்திருந்தது, மிஷினில் நடந்தது 13 சதவீதம்தான். அது ஒரே கூரைக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி. நம்முடையது மலையும் காடுமாக ஒரு மாவட்டம்.

வெளியில் இருந்து நம்மைச் சோதிக்கிற ஈக்வாஸுக்கும் இதே குறை உண்டு. வேலூர் சிஎம்சி நடத்துகிற திட்டத்தில் நிறைய லேபுகள் சேர்ந்திருக்கின்றன, அளவு சொல்லாமல் சாம்பிள் அனுப்புவார்கள், நாம் பார்த்து எழுதினால் மற்ற லேபுகளோடு ஒப்பிட்டு நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று சொல்வார்கள், இரண்டு எஸ்டிக்குள் இருந்தால் நல்லது, மூன்று தாண்டினால் எங்கே தப்பு என்று தேட வேண்டும். ரொம்ப நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த சாம்பிள் வந்த அன்று லேபில் நடக்கிற உபசரிப்பைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை வந்த மாதிரி. சீனியர்தான் கரைப்பார், மூன்று தடவை ஓட்டிச் சராசரி போடுவார்கள், பக்கத்து லேபில் எவ்வளவு வந்தது என்று வாட்ஸப்பில் கேட்பார்கள். நோயாளி சாம்பிளை எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே அதையும் பாருங்கள் என்றுதான் திட்டத்தின் விதியே சொல்கிறது.

டெங்கு சீசனில் இன்னொரு கூத்து. பிளேட்லெட் 40 ஆயிரம் என்று மிஷின் சொல்லும், காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை, ஆள் நன்றாக நடந்து வருகிறார். சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ பட்டாலே பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், மிஷின் கட்டியை எண்ணாது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் தெரியும். நீல மூடி டியூபில் மறுபடி எடுத்து ஓட்டி, அதில் இருக்கிற திரவத்துக்காக 1.1ஆல் பெருக்கினால் உண்மை எண் கிடைத்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. அக்டோபர், நவம்பரில் நூற்றுக்கணக்கில் சாம்பிள் குவிகிறபோது அந்த ஐந்து நிமிஷம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி, அதனால் நாங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம், அதற்குக் கீழே வந்த எதுவும் கண்ணாடி பார்க்காமல் வெளியே போகாது, டாக்டரே போன் செய்து கேட்டாலும்.

என்ஏபிஎல் பற்றி. அது சட்டப்படி கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் லேப் நடத்த மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும், அது வேறு. என்ஏபிஎல் அங்கீகாரம் ஐஎஸ்ஓ 15189 என்ற தரத்தின்படி தரப்படுகிறது, 2003இல் முதலில் வந்தது, இப்போது நடப்பது 2022 பதிப்பு, அதில் பிடித்த விஷயம் என்னவென்றால் பேப்பரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இந்தத் தப்பினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை முன்னால் கொண்டு வந்திருக்கிறார்கள். மக்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு டெஸ்டாகத்தான். போர்டில் முத்திரை இருக்கும், ஆனால் உங்கள் டெஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ரிப்போர்ட்டில் அப்படிப்பட்ட டெஸ்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ வேறு குறியோ போட்டிருப்பார்கள், கீழே பொடி எழுத்தில் விளக்கம் இருக்கும், படியுங்கள். அங்கீகாரம் இல்லாத சின்ன லேபில் நல்ல கையும் நேர்மையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இருக்கிற லேபில் தப்பு நடந்தால் அதைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு வழியாவது எழுதி வைத்திருப்பார்கள், அந்த வித்தியாசம் பெரிதுதான்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களோடு வருகிற வாக்குவாதத்தையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், அதற்குப் பிறகு சுகாதாரப் பணியாளர் அக்கா வீட்டு வாசலுக்கே வந்து சுகர் பார்ப்பது பழகிவிட்டது, நல்லதுதான். "அந்த அக்கா பாத்தப்ப 148, நீங்க 131ங்கறீங்க, எது நிஜம்?" என்று சண்டைக்கு வருவார்கள். குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று விட்டுக் கொடுக்கிறது. சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சுகர் நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதெல்லாம் விளக்குவேன், ஆனால் மனசுக்குள் முதலில் நான் பார்ப்பது அவருடைய டியூபில் எழுதியிருக்கிற நேரத்தைத்தான். சில சமயம் அந்த அக்கா சரி, நாங்கள்தான் தாமதம்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒவ்வொரு டியூபிலும் எடுத்த நேரத்தை எழுத வேண்டும், பேரைப் போல அதுவும் கட்டாயம், எழுதாவிட்டால் திருப்பி அனுப்புவோம். பெரிய சென்டர்களில் டியூபை வேகமாகச் சுழற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ் வைத்தாயிற்று: மஞ்சள் மூடி ஜெல் டியூபில் எடுத்து, அரை மணி நேரம் உறைய விட்டு, அங்கேயே சுற்றிவிட்டால் ஜெல் நடுவில் சுவர் மாதிரி வந்து செல்லையும் சீரத்தையும் பிரித்துவிடும், அதற்கப்புறம் ஐஸ் பேக்கும் தொல்லை செய்யாது, பஸ்ஸும் தொல்லை செய்யாது. (டவுனுக்கு வந்த பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு தடவை சுற்றுவோம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், ஜெல்லுக்குக் கீழே கசிந்து நிற்கிற பொட்டாசியம் மேலே வந்துவிடும்.)

கஷ்டம் எங்கே என்றால் சாம்பிளை நிராகரிக்கிற இடத்தில். விதிப் புத்தகத்தில் அது ஒரு வரி. நிஜத்தில் அது, தக்காளித் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பசியோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒரு அம்மாவை மறுபடி கூப்பிடுவது. "என்னப்பா, எத்தனை வாட்டி ரத்தத்த உறிஞ்சுவீங்க?" என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் கெட்ட சாம்பிள் பல இடங்களில் மிஷினுக்குள் போகிறது, காசுக்காக மட்டும் இல்லை. அதனால் இரண்டாவது தடவை எடுத்தால் காசு வாங்குவதில்லை, முடிந்தவரை வீட்டுக்கே ஆள் போகும் என்று முதலாளியிடம் பேசி வைத்திருக்கிறேன். அவருக்கு அது செலவுக் கணக்கு. எந்தச் சென்டரில் அந்தச் செலவு அதிகம் என்று மாதாமாதம் பார்த்தால் யாருக்குப் பயிற்சி தேவை என்று தெரிகிறது, அதைக் காட்டித்தான் அவரைச் சமாளிக்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று ஏரியூர் சென்டர். அங்கே வருகிற சாம்பிள் கொஞ்சம், சென்ட்ரிஃப்யூஜ் வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது என்கிறார் முதலாளி, கையால் சுற்றுகிற பழைய மாடல் வைக்கலாம் என்றார், வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு அந்த ரூட்டில் இருந்து பொட்டாசியம் மட்டும் எடுப்பதில்லை. அங்கே இருக்கிற டாக்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், பொட்டாசியம் பார்க்க வேண்டியவர்களைப் பென்னாகரத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் அங்கேயே சுற்றித் தருகிறோம் என்று. அவர் சரி என்றார். முதலாளி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.